செல்வத்தின் நனைந்த சட்டை

செல்வம் என்னை ஏமாற்றுகிறான் என்றுதான் முழுசாக நம்பினேன். ஸ்டோருக்குப் பின்னால் இருக்கிற குழாயில் சட்டையை நனைத்து உடம்பில் மாட்டிக்கொண்டு வந்து, வேர்க்க வேர்க்க வேலை பார்ப்பதாக மேனேஜருக்குப் படம் காட்டுகிறான் என்று. அந்தத் திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்த காலையில் எனக்கு இருந்த பெருமிதம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. என் வீட்டுக்காரி இதைப் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் பாலு. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் முப்பது வருசத்துக்கு மேல் வேலை பார்த்து, கடைசிப் பதினெட்டு வருசம் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்து, முழங்கால் இரண்டும் போதும் என்று சொன்னதால் ஐம்பத்தைந்தில் இறங்கி வந்தவன். இப்போது போடியில் வாசம். என் கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வேர்வைச் சுரப்பி இல்லாமல் பிறந்தவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் சேர்ந்த குழு. அதில் இரண்டு பக்கமும் சேராத, வேர்வை தாராளமாக வருகிற ஒரே ஆள் நான்தான். என்னை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று எனக்கே இன்னும் குழப்பம். விலகலாம் என்று இரண்டு தடவை பொத்தானைத் தேடினேன், கிடைக்கவில்லை.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் தினேஷ். என் இடத்துக்கு வந்திருக்கும் புது சூப்பர்வைசர், முப்பது வயசு. விறகு அடுப்பு எல்லாம் போய், பொத்தானைத் தட்டினால் சூடேறி தானாகவே நிற்கிற மெஷின் வந்துவிட்டது அவன் காலத்தில். போன வாரம் போன் பண்ணினான்.

"அண்ணே, ஒரு பொம்பளையாளு மெஷின் ரூம்ல நிக்க முடியலைங்கிறா. தலை சுத்துதாம். நெசமா, சாக்கான்னு எப்பிடிண்ணே கண்டுபிடிக்கிறது? ஒங்களுக்குத்தான் ஆளப் பார்த்தாலே தெரியுமாமே?"

ஆளைப் பார்த்தாலே தெரியும். யாரோ அப்படிக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அநேகமாக நான்தான்.

ஸ்டோர் என்றால் கடை என்று நினைத்துவிடாதீர்கள். ஏலக்காய் உலர்த்துகிற வீட்டை மலையில் அப்படித்தான் சொல்வோம். இருபத்திரண்டு வயசில் அங்கே விறகு எண்ணுகிறவனாகச் சேர்ந்தேன். முதல் வருசம் அடுப்பைக் கெடுத்தேன், இரண்டாம் வருசம் காயைக் கெடுத்தேன், மூன்றாம் வருசம் கெடுக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். பயிற்சிக்காலம் அவ்வளவுதான்.

வேலை இதுதான். தோட்டத்திலிருந்து பச்சைக்காய் மூட்டை மூட்டையாக வரும். கழுவி, கம்பிவலைத் தட்டுகளில் ஒரு காய்மேல் இன்னொரு காய் ஏறாமல் பரப்ப வேண்டும். அறைக்கு வெளியே அடுப்பு. அதன் சூடு பெரிய தகரக் குழாய்கள் வழியாக அறைக்குள் சுற்றி வரும். முதல் சில மணி நேரம் மேல் சன்னல்களைத் திறந்து வைத்துக் காயின் ஈரப் புகையை வெளியே விடணும். பிறகு அடைத்துவிடணும். சூடு கூடினால் காய் வெடித்து மஞ்சளாகும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். அந்த மூடிய அறைக்குள் ஆட்கள் போய், மேல்தட்டைக் கீழேயும் கீழ்த்தட்டை மேலேயும் மாற்றி, கையால் கிளறிவிட்டு வர வேண்டும். ஒரு தடவைக்குக் கால் மணி நேரம். வெளியே சாரலும் குளிருமாக ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்போம். உள்ளே போய்த் திரும்புகிறவன் கிணற்றில் விழுந்து எழுந்தவன் மாதிரி வருவான்.

அந்தக் கதவுக்கு நேரே நிற்பார் குரியன் சார், எங்கள் மேனேஜர், மலையாளி. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையில் ஒரு காயை வைத்து உருட்டிக்கொண்டிருப்பார். வெளியே வருகிறவனிடம் எதுவும் கேட்கமாட்டார். விரலை ஒரு சுற்றுச் சுற்றுவார். திரும்பி நில் என்று அர்த்தம். ஆள் திரும்புவான். சட்டையின் முதுகைப் பார்ப்பார். நனைந்திருந்தால் தலையை ஆட்டுவார். நனையாவிட்டால் காயைக் கடித்துத் துப்பிவிட்டு, "ம்" என்பார். அந்த "ம்" வாங்கினவன் மறுபடியும் உள்ளே போகணும். உள்ளே போய்ச் சும்மா கதவோரம் நின்றுவிட்டு வருகிறவர்களைப் பிடிக்க அவர் கண்டுபிடித்த வழி. பல வருசம் அவர் பக்கத்தில் நின்று நானும் முதுகு பார்க்கப் பழகிவிட்டேன். முகம் பார்த்து ஆளை அடையாளம் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரமாகும். முதுகைக் காட்டினால் பேர், ஊர் எல்லாம் சொல்லிவிடுவேன்.

செல்வம் கீழே சமவெளியில் இருக்கிற சிலமலை ஊர்க்காரன். அப்போது இருபத்தாறு வயசு. சின்னப் பிள்ளையிலிருந்தே கோடை வந்தால் காய்ச்சலில் விழுகிற உடம்பு என்று அவன் அம்மா வேலம்மா மலைக்குக் கூட்டிவந்துவிட்டாள். மலையில் காய்ச்சல் வரவில்லை, அதனால் இங்கேயே தங்கிவிட்டார்கள். வேலம்மா காய் எடுக்கப் போவாள், இவன் சுமை தூக்குவான். எப்போதும் குல்லாய் போட்டிருப்பான். உள்ளே முடி என்று சொல்ல நாலு இழைதான். வாயில் கூர்கூராக ஐந்தாறு பல். ஆட்கள் அவனைத் 'தாத்தா' என்று கூப்பிடுவார்கள். அந்தப் பேரை வைத்தது யார் என்று கேட்காதீர்கள். தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் பாதிப் பேருக்குப் பட்டப்பேர் வைத்தது நான்தான்.

அந்த வருசம் காய் அதிகம், ஸ்டோரில் ஆள் குறைவு. செல்வத்தை உள்ளே போட்டேன். இரண்டே நாளில் குரியன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"எந்தா பாலு, ஆ பையன்டெ முதுகு கண்டோ?"

பார்த்தேன். சட்டை பிழிந்தால் சொட்டும். மற்றவர்கள் சட்டை நனைந்திருந்தது என்றால் இவனுடையது ஓடையில் துவைத்த மாதிரி இருந்தது.

"அதாணு வேலை. கண்டு படிக்கணும்," என்றார். பார்த்துப் படிக்கச் சொன்னது ஆட்களையா, என்னையா என்று எனக்குச் சந்தேகம். அவர் தலையை ஆட்டாமல் வாய் திறந்து பாராட்டி நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கே அது கிடைத்ததில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். பதினோராம் நாள் ஸ்டோருக்குப் பின்னால் விறகு அடுக்குக்குள் ஒளிந்துகொண்டேன். சூப்பர்வைசர் செய்கிற வேலையா என்று கேட்கலாம். எனக்கு அப்போது நாற்பது வயசு, அறிவு மட்டும் இன்னும் வரவேண்டியிருந்தது.

செல்வம் வந்தான். ஓடைத் தண்ணீர் வருகிற குழாயைத் திறந்து, தலையைக் கொடுத்தான். குல்லாயை நனைத்தான். சட்டையைக் கழற்றி நனைத்து, பிழியாமல் மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, மறுபடி வந்தான். மறுபடி தலை, குல்லாய், சட்டை. ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவை. விறகு அடுக்குக்குள் நான் சிரித்த சிரிப்பில் இரண்டு கட்டை உருண்டு விழுந்தது. 'அடப்பாவி, பச்சைத் தண்ணியக் காட்டி அந்த மனுசன்கிட்ட நல்ல பேரு வாங்கிட்டியேடா!'

மறுநாள் காலை எல்லோரும் வருவதற்குள் ஸ்பேனர் எடுத்துப் போனேன். எல்லோரும் வந்து கூடியபின், அத்தனை பேர் பார்க்க, குழாயின் திருகுபிடியைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "இன்னிக்கு யாருக்கு நெசமா வேர்க்குதுன்னு பார்ப்போம்" என்றேன்.

பதினொரு மணி இருக்கும், உள்ளேயிருந்து தட்டுகள் சரிகிற சத்தம் கேட்டது. என் முதல் கவலை காய் கொட்டிவிட்டதே என்பது. ஓடினேன். செல்வம் தட்டுகளுக்கு நடுவில் கிடந்தான். இழுத்து வெளியே போட்டோம். தொட்ட கையை எடுத்துவிட்டேன். தட்டிலிருந்து அப்போதுதான் அள்ளின காய் மாதிரி சுட்டது உடம்பு. சொட்டு ஈரம் இல்லை. சட்டை மொறமொறவென்று காய்ந்திருந்தது. கண் மேலே சொருகி, வாய் எதையோ குழறிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன் என்று இந்தக் குழுவின் கூட்டங்களில் சொல்லிச் சிரிக்க வைப்பேன். முதலில் ஓடிப்போய் என் மேஜை டிராயரைத் திறந்து மூடினேன். எதற்கென்று தெரியவில்லை. பிறகு "டாக்டர், டாக்டர்" என்று கத்தினேன். பத்து மைலுக்கு டாக்டர் கிடையாது. ஒருவன் "தண்ணி தெளிங்கண்ணே" என்றான். "காய்ச்சல்ல கெடக்கிறவனுக்குத் தண்ணியாடா? சன்னி வந்துரும்! கம்பளி கொண்டா!" என்று விரட்டினேன். இரண்டு கம்பளி வந்தது. இரண்டையும் போட்டுச் சுற்றினேன். என் ஸ்வெட்டரையும் கழற்றி அதற்குமேல் கட்டினேன்.

ஜீப்பில் ஏற்றினோம். காய் எடுத்துக்கொண்டிருந்த வேலம்மாவுக்கு ஆள் ஓடியது. அவள் வந்து ஏறும்போதுதான் என் ஒரு காலில் செருப்பு இல்லை என்று பார்த்தேன். டிரைவர் காசியிடம், "வெரசா போடா" என்றேன். முதல் வளைவில், "மெதுவா போடா, கொன்னுருவ" என்றேன். மூன்றாம் வளைவில் மறுபடி "வெரசா" என்றேன்.

"அண்ணே, ஒரு முடிவுக்கு வாங்க," என்றான் காசி. "இல்லாட்டி நீங்க ஓட்டுங்க, நான் பின்னால உக்காந்து கத்துறேன்."

போடிமெட்டுச் சாலையில் இறங்கினவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு போர்வை கழற்ற வேண்டிவரும். மேலே மூடுபனி, கீழே அடிவாரத்து முந்தலில் அனல். இவனைக் காப்பாற்றக் கூட்டிப்போகிறோம் என்று நினைத்து அடுப்புக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குத் தெரியாது. வேலம்மாவுக்குத் தெரிந்தது. அவள் கம்பளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எவன் இதச் சுத்துனது?"

"நாந்தான் ஆத்தா. காய்ச்சல்..."

"காய்ச்சலா? யோவ், அவனுக்கு வேர்க்காதுய்யா! பெறந்ததிலேருந்து சொட்டு வேர்வை கெடையாது. தண்ணி ஊத்தித்தான் வளத்தேன். தண்ணி எங்க? தண்ணி கொண்டா!"

ஜீப்பில் தண்ணீர் இல்லை. அவள் கம்பளியை இழுத்து வெளியே எறிந்தாள். என் ஸ்வெட்டரும் போயிற்று. முகம் துடைக்கக் கைக்குட்டை தேடிப் பைக்குள் கைவிட்டேன். குழாயின் திருகுபிடி கையில் வந்தது. மறுபடி உள்ளே போட்டேன்.

"ஒங்ககிட்டச் சொல்லலையா அவன்?" என்று கேட்டாள்.

"சொல்லலையே ஆத்தா," என்றேன்.

ஒரு வளைவில் பாறையிலிருந்து மெலிசாகத் தண்ணீர் வழியும். ஜீப்பில் வருகிறவர்கள் முகம் கழுவுகிற இடம். "நிறுத்துடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் காசி வண்டியைப் பாறையோடு ஒட்டிவிட்டான். மூன்று பேருமாகச் செல்வத்தைத் தூக்கி அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடத்தினோம். வேலம்மா சேலை முந்தானையை நனைத்து நனைத்து அவன் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். நான் இரு கையாலும் அள்ளி ஊற்றினேன். பாதி என்மேல் ஊற்றிக்கொண்டேன். கடந்து போன பஸ்சிலிருந்து ஒருவர், "பிக்னிக்கா அண்ணே?" என்று கேட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று செல்வம் கண்ணைத் திறந்து, "குல்லாய் எங்கம்மா?" என்றான். காசி அழுதுவிட்டான். நான் அழவில்லை. ஸ்டோரிலேயே விட்டுவந்த செருப்பை ஜீப்புக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தேன்.

நனைத்த சேலையும் சட்டையுமாக அவனை மூடி, வழியில் கிடைத்த குழாயெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஊற்றிக்கொண்டு போடி போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயசுப் பெண் டாக்டர். தோலைத் தொட்டார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். குல்லாயைக் கழற்றிப் பார்த்தார். பிறகு ஒரே கேள்வி:

"இவருக்கு வேர்க்குமா?"

"நல்லா வேர்க்கும் டாக்டர்! சட்டையே நனைஞ்சிரும், எங்க மேனேஜரே..." என்று ஆரம்பித்துவிட்டேன். இரண்டு வாரமாகச் சொல்லிப் பழகின வாய். வேலம்மா என் பக்கம் திரும்பின வேகத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். ஒன்பது நாள் இருந்தான். பிழைத்தான். கை நடுக்கம் மட்டும் பல மாதம் இருந்தது.

மதுரையில்தான் அதற்கு ஒரு பேர் இருப்பதே தெரிந்தது. எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா. எழுதிக்கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, தப்பில்லாமல் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். முடி, பல், வேர்வைச் சுரப்பி எல்லாம் கருவில் ஒரே படலத்திலிருந்து உருவாகிறவையாம். அதற்கான ஒரு மரபணுவில் பழுது. அதனால் இவனுக்கு மூன்றுமே சரியாக வரவில்லை. மூளைக்கு ஒரு குறையும் கிடையாது. உடம்பு சூட்டை வெளியேற்ற வழியில்லை, அவ்வளவுதான். சூடேறினால் காய்ச்சல் மாத்திரை கேட்காது, தண்ணீரும் காற்றும்தான் மருந்து.

நான் தோட்டக்காரன். ஏலச்செடியில் கட்டே என்று ஒரு நோய் வரும். இலையில் வரிவரியாக விழும். கண்ட உடனே அந்தத் தூரையே பிடுங்கி எறிந்துவிடுவோம், பக்கத்துத் தூருக்கு ஒட்டிக்கொள்ளும் என்று. அதை மனதில் வைத்து, "டாக்டர், இது கட்டே மாதிரியா? தூரோட பிடுங்கணுமா?" என்று கேட்டேன். டாக்டருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற வேலம்மாவுக்குப் புரிந்தது.

"என்னையப் பிடுங்கப் போறியா பாலு?" என்றாள். அவள் மேல்வரிசையில் இரண்டு பல் முளைக்கவே இல்லை என்பதை அன்றுதான் நான் கவனித்தேன்.

டாக்டர் ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாகப் போட்டார். ஒட்டாது. அம்மாவிடம் அந்த மரபணு இரண்டு உண்டு, ஒன்று பழுதென்றாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். மகனுக்கு அம்மாவிடமிருந்து ஒன்றுதான் வரும். பழுதானது வந்தால் தாங்க ஆளில்லை. மகளுக்குப் பழுது வந்தால் பெரும்பாலும் அவளுக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் அவள் மகனுக்கு வரலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"அப்ப மூணு பையன்னா ஒண்ணரைப் பையனுக்கா டாக்டர்?"

அவர் பேனாவை மூடினார். "ஒவ்வொரு தடவையும் புதுசா பூவா தலையா போடுற மாதிரிங்க. போன தடவை என்ன விழுந்துச்சுன்னு காசுக்கு ஞாபகம் இருக்காது."

அந்தத் தாளை நான்கு வருசம் பையில் வைத்திருந்தேன். யாருக்காவது விளக்கும்போதெல்லாம் வட்டம் அம்மாவா அப்பாவா என்று எனக்கு மாறிப்போகும். அந்த வாரம் முழுக்க என் பல்லை நானே எண்ணினேன். ஸ்டோர் அறைக்குள் தனியாகப் போய் நின்று எனக்கு வேர்க்கிறதா என்று பார்த்தேன். வேர்த்தது. பயத்தில் வேர்க்கிறதா, சூட்டில் வேர்க்கிறதா என்று அடுத்த சந்தேகம்.

குரியன் சாருக்கும் விஷயம் போயிற்று. மறுநாள் கதவுக்கு நேரே அவர் நிற்கவில்லை. அதற்கப்புறம் ஒருநாளும் நிற்கவில்லை. யாரையும் திரும்பி நிற்கச் சொல்லவில்லை. அன்று ஸ்டோரைச் சுற்றிப் பின்பக்கம் போனார். குழாயைப் பார்த்தார். காயை உருட்டுகிற கை நின்றது.

"பாலு, ஈ பைப்போட பிடி எவிடெ?"

"மரை தேஞ்சிருச்சு சார். புதுசு மாட்டணும்."

"ம்," என்றார்.

அந்த "ம்" எனக்கு முதலும் கடைசியுமாகக் கிடைத்தது. மத்தியானமே பிடியை மாட்டிவிட்டேன். செல்வம் திரும்பி வந்ததும் தரம் பிரிக்கிற அறையில் போட்டார் சார். குளிர்ச்சியான அறை, உட்கார்ந்த வேலை. ஆறே மாதத்தில் அவனுக்கு இணையாகத் தரம் பிரிக்க மலையில் ஆள் இல்லை என்று ஏலத்துக்கு வருகிற வியாபாரிகள் சொல்ல ஆரம்பித்தார்கள்.

கதை அதோடு முடிந்திருந்தால் எனக்கு இந்தக் குழுவில் வேலை இல்லை. இரண்டு வருசம் கழித்து ஒரு சித்திரை மாதம், செல்வம் என் மேஜைக்கு வந்தான். "அண்ணே, தங்கச்சி பிள்ளைக்கு நாப்பது நாளாக் காய்ச்சல். ஆறு மாசக் கொழந்தை. மூணு டாக்டர் பார்த்தாச்சாம். கூட வாங்க."

தங்கை சாந்தியைச் சிலமலையிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். செல்வம் நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டான். கையில் துணி தேய்க்கிறவர்கள் தண்ணீர் அடிக்கிற ஸ்பிரே பாட்டில். வேலம்மாவும் வந்தாள். வீடு தகரக் கூரை. குழந்தைக்குக் கம்பளிக் குல்லாய், கால் உறை, மேலே துப்பட்டி. என் ஜீப்புக் கம்பளி ஞாபகம் வந்து எனக்கு முதுகு நனைந்தது.

சாந்தியின் புருசன் முருகேசன், "வாங்க மச்சான்" என்றான். நான் பையிலிருந்து தாளை எடுத்தேன். வட்டம், சதுரம், இதோ பாருங்கள், இதுதான் அம்மா, இல்லை, இது அப்பா என்று ஆரம்பித்தேன். இரண்டு நிமிசத்தில் அவன் முகம் கறுத்துவிட்டது.

"தாய் வழியா வருதுன்னா, இவ கொண்டாந்த சீக்கா இது?"

சாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்க வைக்கலாமா என்று ஒரு நொடி யோசித்ததை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது. வேலம்மா முன்னால் வந்தாள்.

"என் வழியாத்தான் வந்துச்சு மாப்ளே. நான் எந்தக் கடையில கேட்டு வாங்குனேன்? கோவிக்கிறதுன்னா என்னையக் கோவி. மொதல்ல பிள்ளைக்குத் துணியக் கழத்து."

செல்வம் தன் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்தான். வாயைத் திறந்து பல்லைக் காட்டினான். தோட்டத்தில் யார் முன்னாலும் அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பிறகு குழந்தையின் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். குழந்தையைக் கழுத்துவரை உட்கார வைத்தான். நான் தெர்மாமீட்டரைப் பிடித்திருந்தேன். அரை மணி நேரம். நாற்பது நாள் மாத்திரைக்கு இறங்காத சூடு எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் இறங்கியது. குழந்தை தண்ணீரைத் தட்டித் தட்டிச் சிரித்தது.

முருகேசன் கேட்டான். "அப்ப எம் மகனும் ஒன்ன மாதிரி ஆயிருவானா மச்சான்?"

"ஆனா என்ன மாப்ளே?" என்றான் செல்வம். "காய் தரம் பிரிக்கிறதுல ஏங்கிட்ட நிக்க எவன் இருக்கான்? பல்லு கட்டிக்கலாம். முடி ஒனக்கே இன்னும் ரெண்டு வருசந்தான்."

முருகேசன் தன் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டான். சாந்தி அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

அந்தக் குழந்தைக்கு இப்போது பள்ளிக்கூட வயசு. கோடையில் மலைக்கு வந்துவிடுவான். மற்ற மாதங்களில் வகுப்பில் சன்னலோரம் இடம், பையில் ஸ்பிரே பாட்டில். அந்த பாட்டிலை அவன் தனக்கு மட்டும் உபயோகிப்பதில்லை, பக்கத்துப் பிள்ளைகள்மேல் அடிக்கிறான் என்று புகார் வந்திருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த பையன்.

அப்புறம் தேவாரத்தில் ஒரு குடும்பம், போடியிலேயே ஒன்று என்று காதுக்கு எட்டின இடத்துக்கெல்லாம் செல்வமும் நானும் போனோம். மதுரைக்குக் கூட்டிப்போவது, வரிசையில் நிற்பது, பள்ளிக்கூடத்தில் பேசுவது. பேசுவது அவன், வரிசையில் நிற்பது நான். கூட்டம் என்று நடந்தால் மட்டும் என்னைப் பேசக் கூப்பிடுவார்கள், ஜீப்புக் கதைக்காக. டிராயரைத் திறந்து மூடியது, ஒற்றைச் செருப்பு, பிக்னிக்கா என்று கேட்ட பஸ்சுக்காரர். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். கடைசியில் நான் முகத்தை மாற்றிக்கொண்டு, "அவன் ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா நடந்திருக்குமா? அதனால தயங்காமச் சொல்லுங்க, வாயத் தெறந்து சொல்லுங்க" என்று முடிப்பேன். கை தட்டுவார்கள். செல்வம் முன்வரிசையில் உட்கார்ந்து, கட்டின புதுப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு, குல்லாயைச் சரிசெய்துகொள்வான். ஒரு தடவைகூட இடையில் பேசினதில்லை.

தினேஷுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நெசமா, சாக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டானே, அதற்கு. இதைத்தான் அவனுக்கு அனுப்பப் போகிறேன். குழுவிலும் போடப் போகிறேன்.

அன்று காலை குழாயின் பிடியை நான் கழற்றிக்கொண்டிருந்தபோது செல்வம் என் பக்கத்தில் வந்து நின்றான். குல்லாயைக் கையில் எடுத்துக்கொண்டு, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"அண்ணே, எனக்கு வேர்க்காது. தண்ணி இல்லாம உள்ள நிக்க முடியாதுண்ணே."

நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "வேர்க்காதா? அப்ப நீ முதலாளியாடா, பொணமாடா?" என்றேன்.

நின்றிருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். செல்வமும் சிரித்தான். குல்லாயை மாட்டிக்கொண்டு உள்ளே போனான்.